எங்கள் ஆலய ஓர்கனுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள உறவுகளுக்கு,

எங்கள் ஆலயத்தின் மேல்மாடத்தில் புதிய பைப் ஓர்கன், அதாவது குழாய்களில் காற்றை ஊதி ஒலிக்கும் பெரிய வாத்தியம், ஒலிக்கத் தொடங்கிவிட்டது. பணம் அனுப்பிய டொரொன்டோ, லண்டன் உறவுகளின் பெயர்களை வழிபாட்டில் வாசித்தோம். தங்கள் பெயரைப் போடவேண்டாம் என்று மறித்த ஊர்க்காரருக்கு இந்த மடல்.

பரோக் முறையில்தான், அதாவது முந்நூறு வருடங்களுக்கு முந்திய ஐரோப்பிய முறையில்தான், கட்டவேண்டுமென்று ஓர்கன் குழு உறுதியாக நின்றது. வாசிக்கும் கட்டையை விரலால் அழுத்தினால், மெல்லிய மரச்சட்டங்கள் இழுபட்டுக் குழாயின் அடியிலுள்ள வால்வு திறக்கும். விரலுக்கும் குழாய்க்கும் நடுவில் மின்சாரமே இல்லை. போர்க்காலத்தில் வருடக்கணக்காக மின்சாரமின்றி இருந்த ஊர் இது. பழுதானால் ஊர் ஓடாவியே திருத்தக்கூடிய வாத்தியம்தான் எங்களுக்குச் சரி. ஒல்லாந்தர் 1706 இல் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் தேவாலயம் கட்டிய காலத்தில், ஹம்பேர்க்கில் ஆர்ப் ஷ்னிட்கர் இப்படித்தான் ஓர்கன்கள் செய்தார்.

வெள்ளீயமும் ஈயமும் கலந்த குழாய்கள் ஜேர்மனியிலிருந்து வந்தன. பெட்டி, மரக்குழாய்கள், துருத்திகள் எல்லாம் இங்கேயே செய்தவை. ஓடாவியார் ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? குழாய்கள் மேலே நிற்கும் காற்றுப்பெட்டியின் பலகை மாரியில் ஊதிக் கோடையில் சுருங்கி வெடித்தால், காற்றுக் கசிந்து அழுத்தாத குழாயும் முனகும். தேக்கு நன்றாகக் காயும்வரை உளி வைக்கமாட்டேன் என்றீர்கள். திறப்புவிழாவையே தள்ளிவைத்தோம். இந்த மாரி முழுக்க ஒரு குழாயும் முனகவில்லை.

துருத்தி மடிப்புகளுக்கும் வால்வுகளுக்கும் மெல்லிய தோல் வேண்டும். அதற்கு இணுவிலில் தவில் கட்டும் ஐயாவிடம் போனோம். ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவி, பாதிக்கு மேல் ஒதுக்கிவிட்டார். கூலி வாங்க மறுத்துவிட்டார். பெட்டியில் நசிந்து வந்த சிறு குழாய்களை நிமிர்த்திப் பற்றவைத்த கஸ்தூரியார் வீதி நகைவேலைத் தம்பிக்கும் நன்றி.

சுருதி சேர்த்த நாட்களை மறக்கமுடியாது. வெயில் ஏறினால், புல்லாங்குழல்போல ஒலிக்கும் உதட்டுக் குழாய்களின் சுருதியும் ஏறிவிடும்; உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் நாக்குக் குழாய்களின் சுருதி பெரிதாக மாறாது. அதனால் விடியற்காலையில், மின்விசிறிகளை நிறுத்திவிட்டுத்தான் வேலை. அந்நாட்களில் பக்கத்துப் பிள்ளையார் கோயில் பரிபாலன சபையார் தாங்களாகவே வந்து, காலை ஒலிபெருக்கியைப் பிந்திப் போடுகிறோம் என்றார்கள். அயலவர் என்றால் இவர்கள்தான்.

மின்சாரம் நின்று காற்றூதும் மோட்டார் ஓய்ந்தபோதெல்லாம் துருத்திகளை மாறிமாறி மிதித்த வாலிபர் சங்கப் பெடியளே, நீங்கள் கொடுத்த காற்றில்தான் முதல் ஞானப்பாட்டை வாசித்தோம்.

ஓர்கன் பழக விரும்பும் பிள்ளைகள் சனிக்கிழமை பின்னேரம் ஆலயத்துக்கு வாருங்கள். எந்தச் சமயத்தவரும் வரலாம், கட்டணமில்லை. குறைந்தது 2 பேராவது துருத்தி மிதிக்கவும் தேவை.

நன்றியுடன்,
செயலாளர், ஆலய ஓர்கன் குழு
யாழ்ப்பாணம்