ஆவி பிடிக்கிறீங்களா ஆன்ட்டி?

சென்னை
மே 17

அன்புள்ள கண்ணா,

உன் தொலைநோக்கியைப் பரணில் ஏற்றிவிடச் சொன்னாயே, ஏற்றவில்லை. ஒரு மாதமாக மொட்டைமாடியில் நான்தான் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்பா சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

முதலில் உன் புத்தகத்துப் படத்தை நம்பி எம் 51 சுழல் கேலக்ஸியைத் தேடினேன். இரண்டு இரவுத் தூக்கம் போனதுதான் மிச்சம். எதிர் வீட்டு மாடியில் புதிதாக வெள்ளை எல்இடி போட்டிருக்கிறார்கள், விடிய விடிய எரிகிறது. பெரிதாக்கினால் தெரியுமோ என்று சின்ன ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை) மாட்டினேன். வானம் மங்கியது, கூடவே கேலக்ஸி இருக்க வேண்டிய இடமும் மங்கியது. நட்சத்திரக் கூட்டங்கள் அப்படியில்லை. பெரிதாக்கினாலும் நட்சத்திரம் புள்ளியாகவே நிற்கும், பின்னணி மட்டும்தான் இருட்டாகும். நம் 130 மி.மீ. கண்ணாடிக்கும் இந்தத் தெருவுக்கும் கூட்டங்கள்தான் சரி என்று முடிவு செய்துவிட்டேன்.

நேற்று ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கூட்டம் கிடைத்தது! இரவு பத்து மணிக்குச் சித்திரை நட்சத்திரம் உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே நிற்கிறது. அதிலிருந்து நேர் தெற்கே 36 டிகிரி இறங்க வேண்டும், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் மூன்றரை முஷ்டி. வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டி நிழலில் முக்காலியைப் போட்டு, தலையோடு கறுப்புப் போர்வையை மூடிக்கொண்டு அரைமணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்கினேன். துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண், "ஆவி பிடிக்கிறீங்களா ஆன்ட்டி?" என்றாள்.

முதலில் ஊதிவிட்ட விபூதி மாதிரி ஒரு வட்டம், அவ்வளவுதான். அப்புறம் கடைக்கண்ணால் பார்த்தேன். மங்கிய ஒளியை உணரும் செல்கள் கண்ணின் நடுவில் இல்லையாம், ஓரத்தில்தானாம். விளிம்பில் ரவை ரவையாக ஏதோ மினுங்கியது, நேராகப் பார்த்ததும் மறைந்தது. சுமார் 1 கோடி நட்சத்திரங்கள், கிட்டத்தட்ட 17,000 ஒளியாண்டு தூரம். இதை ஒற்றை நட்சத்திரம் என்றுதான் அந்தக் கால வானியலாளர் டாலமி எழுதி வைத்திருந்தாராம். 1677-இல் தென் அட்லாண்டிக்கில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போன ஆங்கிலேய வானியலாளர் ஹாலிதான் அது அப்படியில்லை என்று கண்டவர். அவருடைய லண்டனில் அது உதிக்கவே உதிக்காது. உன் எடின்பரோவிலும்தான். அங்கிருந்து எம் 13 என்ற இன்னொரு கூட்டம் நன்றாக உயரத்தில் வரும், இருட்டும் வரை விழித்திருந்தால் அதைப் பார்.

டிசம்பர் லீவில் வருகிறாய் அல்லவா? அப்போது ஒமேகா விடியற்காலை ஐந்து மணிக்குத் தென்கிழக்கில் இரண்டு முஷ்டி உயரத்தில் இருக்கும். மார்கழிக் கோலத்துக்கு நான் எப்படியும் எழுந்துவிடுவேன். உன்னை எழுப்புவதற்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மா