குயீனில் நான்கு பேர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் குயீன் ராக் இசைக்குழு பற்றிய கட்டுரையைப் படித்தேன். பாடகர் ஃபிரெடி மெர்குரி சான்சிபாரில் பிறந்தது, பஞ்ச்கனியில் படித்தது, 1985-ல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தையே கைக்குள் போட்டுக்கொண்டது எல்லாம் நன்றாக வந்திருந்தது. மற்ற மூவருக்கும் சேர்த்து ஒரே வரி. பாடுகிறவர் படத்தைப் போட்டு வாசிக்கிறவர்களை விட்டுவிடுவது பத்திரிகைகளுக்குப் புதிதில்லை, சரி. ஆனால் தங்கச்சிமடத்தில் மைக் செட் வைத்துப் பிழைக்கிறவனுக்கு மனசு கேட்கவில்லை.

குழுவின் கிதார்காரர் பிரையன் மே. அவருடைய கிதார் கடையில் வாங்கியதல்ல. 1963-ல், பள்ளிக்கூடப் பையனாக, அப்பாவோடு சேர்ந்து செய்ய ஆரம்பித்தது. கழுத்துக்குக் குளிர்காயும் அடுப்பின் மேலிருந்த பழைய கட்டை. உள்ளே மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். விரல் வைக்கும் இடத்துக்கு அடையாளமாக அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான். மன்னார் வளைகுடாக்காரன் கண்ணில் அது படாமல் போகுமா?

பேஸ் கிதார் ஜான் டீக்கன் மின்னணுவியல் படித்தவர். குப்பையில் கிடந்த சர்க்யூட் போர்டை எடுத்து, சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் செய்தார். அதில் மே கிதாரை வாசித்து, அடுக்கடுக்காகப் பதிவுசெய்து, ஊதுகுழல் கோஷ்டி வாசிப்பதுபோல ஆக்கிவிட்டார். உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்த போர்டை டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈயம் வைத்து, மறுபடி சத்தம் வரவைத்தவர்களுக்குத்தான் அந்த வேலையின் ருசி தெரியும்.

பணச் சண்டையும் உண்டு. 1975-ல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' இசைத்தட்டின் பின்பக்கம் டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதிய பாட்டு. தட்டு விற்க விற்க, முன்பக்கம் எழுதிய ஃபிரெடிக்குச் சமமாக அவருக்கும் பணம் வந்தது, அதில் மனக்கசப்பு. 1989 ஆல்பத்திலிருந்து, யார் எழுதினாலும் 'குயீன்' என்றே போட்டு நாலு பேரும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் மீன்பிடியில் படகுப் பங்கு, ஆள் பங்கு என்று பிரிப்பதில்கூட இவ்வளவு சமம் கிடையாது.

குழுவின் புகழ் பழைய ரசிகர்களோடு நின்றுவிட்டதாகக் கட்டுரை முடிகிறது. எழுதியவரை இங்கே ஒரு கபடிப் போட்டிக்கு வரச் சொல்லுங்கள். "அண்ணே, அந்த தும்-தும்-டக் போடுங்க" என்று பையன்கள் வந்து நிற்பார்கள். அது 1977-ல் பிரையன் மே எழுதிய 'வீ வில் ராக் யூ'. அந்த அடியில் டிரம்ஸே கிடையாது. பலகையை மிதித்துக் கைதட்டியதைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்தது. மே இயற்பியல் படித்தவர், 2007-ல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் வாங்கியவர். தூரத்துச் சத்தம் தாமதமாக வரும் கணக்கைப் போட்டு, சில பேர் மிதித்ததை ஒரு கூட்டமே மிதிப்பதுபோலச் செய்தார். அந்தப் பாட்டுக்கு மட்டும் நான் பேஸைக் கொஞ்சம் ஏற்றுவேன். குழுவின் பெயரே தெரியாத பையன்கள் 'டக்' வரும் இடத்தில் பிசகாமல் கைதட்டுவார்கள்.

அடுத்து ஒரு கட்டுரை மற்ற மூவருக்கும் போடுங்கள். டீக்கன் 1997-க்குப் பிறகு ஒதுங்கிவிட்டார், பழைய படம்தான் கிடைக்கும். பரவாயில்லை, அதையே போடுங்கள்.

இப்படிக்கு,
மைக் செட் உரிமையாளர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.