திண்ணைக்கும் ஒரு விருது

ஆசிரியர் அவர்களுக்கு,

2014 நவம்பர் மழையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த, பிரெஞ்சுக் கால நகராட்சிக் கட்டடமான ‘மேரி’ இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே அதை மீண்டும் கட்டியது மகிழ்ச்சி. ஆனால் தமிழர் பகுதியில் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் உள்ள வீடுகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. அந்தப் பகுதியிலுள்ள வைசியாள் வீதியைப் புதுப்பித்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. யுனெஸ்கோவுக்குத் தெரிந்த வீதியை நம் நகராட்சி கொண்டாட வேண்டாமா?

பழைய வீட்டை இடிக்காமல் பழுதுபார்ப்பவர்களுக்கு ஆண்டுதோறும் நகராட்சி விருது தரலாம். வாசலில் ஒரு கல்வெட்டு, சொத்துவரியில் சலுகை. மர உத்தரம் மாற்றவும் அதன்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பால் தளமிடும் ‘மெட்ராஸ் ஒட்டு’ கூரை போடவும் ஆகும் செலவு, வீட்டுக்காரரை விற்கத் தூண்டுகிறது. பாராட்டு மட்டும் போதாது.

கொத்தனார்களையும் மேடையேற்ற வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசத் தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு. என் தாத்தா வீட்டுச் சுவருக்கு அப்படி ஒருவர் கிடைக்காமல் சிமெண்ட் பூசினோம். இரண்டே மழையில் சுவர் ஓதம் ஏறி உப்புப் பூத்துவிட்டது. முதல் விருதை அப்படிப்பட்ட ஒரு கொத்தனாருக்கே கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், புதுச்சேரி