மாரிக்கு முன் பிரஷர் குளிசையை எண்ணிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி மழை பிடித்தால் வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கங்களில் வெள்ளம் வீதியை மூடுவதும், கிளினிக் நாள் தவறிப்போவதும் நம் திருகோணமலை மாவட்டத்தில் வழமை. அடுத்த கிழமை பார்ப்போம் என்று பலர் வீட்டில் இருந்துவிடுவார்கள். பீட்டா புளொக்கர் வகைக் குளிசை எடுப்பவர்கள் அப்படி இருக்கக் கூடாது.

அட்டெனொலோல், பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல், கார்வெடிலோல், ப்ரோப்ரனோலோல் ஆகியவை இந்த வகையில் அதிகம் பாவிக்கப்படுபவை. பிரஷருக்கு மட்டுமல்ல, நெஞ்சுவலி, மாரடைப்பு வந்து தேறியவர்கள், சீரற்ற துடிப்பு, இதயம் பலவீனமானவர்கள், தைரொயிட், ஒற்றைத் தலைவலி, கை நடுக்கம் என்று பல காரணங்களுக்காகக் கொடுக்கிறார்கள். அட்ரினலின் வந்து இதயத்தை முடுக்கும் வாசல்களை இவை அடைத்து வைக்கின்றன. கிழமைக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தால் இதயம் சும்மா இருப்பதில்லை. ஈடாகப் புதிய வாசல்களை உண்டாக்கிக்கொள்கிறது. குளிசை திடீரென நின்றால் அத்தனையும் ஒரே நேரத்தில் திறக்கும். துடிப்பு ஓடும், பிரஷர் ஏறும். இதய இரத்தக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலியும், சில வேளை மாரடைப்பும் வரலாம். இந்த ஆபத்து நிறுத்திய முதல் இரண்டு கிழமைகளில்தான் அதிகம். வைத்தியர்கூட நிறுத்த நினைத்தால் ஒன்றிரண்டு கிழமையாவது எடுத்து அளவைப் படிப்படியாகக் குறைப்பார். களைப்பாக இருக்கிறது, கை கால் குளிர்கிறது என்று தாங்களாகவே நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பல்லுப் பிடுங்கவோ சத்திரசிகிச்சைக்கோ போகும்போதும் நிறுத்தாதீர்கள். எடுக்கிறேன் என்று சொன்னால் போதும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்தவுடன் எடுக்கலாம். நாளுக்கு ஒன்று எடுப்பவருக்கு அடுத்த வேளைக்கு 8 மணித்தியாலத்துக்கும் குறைவாக இருந்தால் தவறியதை விட்டுவிடுங்கள். இரட்டிப்பாக எடுக்கவே கூடாது. பல நாட்கள் விட்டுப்போயிருந்தால் பழைய அளவிலேயே தானாகத் தொடங்குவதும் சரியல்ல. குறிப்பாக இதயப் பலவீனத்துக்கு எடுக்கும் கார்வெடிலோல் இரண்டு கிழமைக்கு மேல் நின்றிருந்தால் மறுபடி 3.125 மில்லிகிராமிலிருந்துதான் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். 25 மில்லிகிராம் எடுத்தவர் அதே 25ஐ விழுங்கினால் எழும்பும்போது தலைசுற்றி விழலாம். இந்தக் குளிசையைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வதும் அதனால்தான். மெதுவாக உறிஞ்சப்பட்டால் பிரஷர் திடுக்கென்று இறங்காது.

இன்னொரு குழப்பம், மருந்து போட்டுத் தரும் கடதாசி உறையில் இருக்கிறது. போன மாதம் 50 மில்லிகிராம் குளிசை ஒன்று. இந்த மாதம் அது கையிருப்பில் இல்லாததால் 25 மில்லிகிராமில் இரண்டு. நிறமும் பருமனும் வேறு. புது மருந்து என்று நினைத்து, வீட்டில் மிஞ்சியிருக்கும் பழையதையும் சேர்த்து எடுப்பவர் உண்டு. ஆஸ்பத்திரியில் அட்டெனொலோல், வெளியே தனியார் வைத்தியர் எழுதிய பிசோப்ரோலோல் என்று இரண்டையும் எடுப்பவரும் உண்டு. பெயர் ‘லோல்’ என்று முடியும் குளிசை இரண்டு வீட்டில் இருந்தால் இரண்டையும் மருந்தாளரிடம் காட்டுங்கள். உறையில் ‘காலை 1’ என்று மட்டும் எழுதுவதை விட்டு, மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் தமிழில் தெளிவாக எழுதிக் கொடுக்கும்படி மருந்து வழங்கும் பகுதிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய செலவில்லை.

அளவு கூடிவிட்டதா என்று பார்க்க நாடி போதும். ஐந்து நிமிடம் இருந்து இளைப்பாறிய பின், பெருவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 50க்குக் கீழே இருந்தால், அல்லது எண்ணிக்கை எதுவானாலும் தலைசுற்றோ மயக்கமோ இருந்தால், அடுத்த குளிசைக்கு முன் வைத்தியரைக் கேளுங்கள். மயங்கி விழுதல், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்றால் யோசிக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸ்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சீனி இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்தக் குளிசை மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. இன்சுலினோ கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் போன்றவையோ எடுப்பவருக்குக் காரணமில்லாமல் உடம்பு வியர்த்து, பேச்சுக் குழம்பினால் உடனே சீனியைச் சோதிக்க வேண்டும். மெஷின் இல்லாவிட்டால் காத்திராமல் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி குடிக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கிண்ணியா, மூதூரில் நோன்பு பிடிப்பவர்களுக்கு இது பின்னேரங்களில் நடக்கக்கூடியது. இரத்தத்தில் சீனி 70க்குக் கீழே போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும். நாளுக்கு இரண்டு வேளைக் குளிசையைச் சஹருக்கும் நோன்பு திறக்கும்போதும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ரமழானுக்கு முன்பே கிளினிக்கில் கேட்டு.

தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்கள் ப்ரோப்ரனோலோலைத் தொடவே கூடாது. மூச்சுக்குழாய் இறுகும், சல்பியூட்டமோல் பம்பும் சரியாகக் கேட்காது. பரீட்சைப் பயத்துக்கு என்று அக்கா ஒற்றைத் தலைவலிக்கு எடுக்கும் ப்ரோப்ரனோலோலைத் தம்பிக்குக் கொடுக்கும் பழக்கம் இதனால்தான் ஆபத்தானது. கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலோல் துளியும் இதே இனம் என்பது பலருக்குத் தெரியாது. துளி விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து உடம்புக்குள் இறங்குவது குறையும். தொய்வு உள்ளவர் அப்படியும் அதைக் கண் வைத்தியரிடம் சொல்லாமல் விடக்கூடாது.

வெராபமில், டில்டியாசெம் என்ற வேறு வகைப் பிரஷர் குளிசை எடுப்பவர் பீட்டா புளொக்கரையும் சேர்த்தால் துடிப்பு மிகவும் குறையலாம். முழங்கால் வலிக்கு வாங்கும் டைக்ளோபெனாக் பிரஷரை ஏற்றும். அட்டெனொலோல் சிறுநீரகத்தால்தான் வெளியேறுகிறது. சிறுநீரக நோயுள்ளவருக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியட்டினின் இரத்த அறிக்கையைக் கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள். சின்னப் பிள்ளைகள் ஒன்றிரண்டு விழுங்கினாலும் ஆபத்து. எட்டாத இடத்தில் வையுங்கள்.

இனி மாரிக்கு வருவோம். கடதாசி உறை ஈரத்தில் ஊறும். மூடி இறுகும் உலர்ந்த போத்தலில், ஒரு மருந்துக்கு ஒரு போத்தலாக, பெயர் ஒட்டி வையுங்கள். ஏழு நாளுக்கான குளிசை எப்போதும் மிச்சமிருக்க வேண்டும். புதியது வந்ததும் பழையதை முதலில் முடியுங்கள். கிளினிக் கொப்பியில் கடைசியாக மருந்து எழுதிய பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்தால், இடம்பெயர்ந்து போன இடத்திலும் அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையில் காட்டி மருந்து கேட்கலாம்.

ஒக்டோபர் கிளினிக்குகளில், வெள்ளத்தில் அகப்படும் கிராமத்தவர்களுக்கு மட்டுமாவது ஒரு கிழமைக் குளிசையை மேலதிகமாகக் கொடுக்கச் சுகாதார அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். கையிருப்புக் குறைவென்றால் எல்லா மருந்தும் வேண்டாம். இந்த இனத்துக்கும் இன்சுலினுக்கும் முதலிடம் கொடுத்தாலே போதும்.

இங்ஙனம்,
மருந்தாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.