பயிரிடுபவர் பெயருக்கும் பட்டியலில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக விவசாயிகளின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டு வருகிறது. 2019-இல் இரண்டு ஹெக்டேர் வரை நிலம் உள்ளோருக்கென்று தொடங்கிய இத்திட்டம், அதே ஆண்டில் நில உடைமையாளர் அனைவருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆனால், பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்பவருக்கு அதில் அன்றும் இடமில்லை, இன்றும் இடமில்லை.

இதன் விளைவைத் திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் கண்கூடாகக் காணலாம். இங்கே கோயில், மட நிலங்கள் ஏராளம். நிறுவனங்களின் பெயரில் உள்ள நிலத்துக்கு உதவித்தொகை கிடையாது என்பது விதி. ஆகவே, தலைமுறைகளாக அந்நிலத்தில் பயிர் வைத்து, கோயிலுக்குக் குத்தகை அளந்து, ரசீதும் கையில் வைத்திருப்பவருக்கு ஒரு ரூபாய்கூட வருவதில்லை. தனியார் நிலத்திலோ, ஊரைவிட்டுப் போய் வெளியூரில் குடியேறிவிட்ட பட்டாதாரரின் கணக்குக்குப் பணம் போய்ச் சேர்கிறது.

எனக்குச் சொந்தமாக இரண்டு மா (ஒரு ஏக்கருக்கும் குறைவு) நிலம் இருப்பதால் தவணை தவறாமல் வருகிறது. என் வரப்பை ஒட்டி, என்னைவிடப் பன்மடங்கு நிலத்தை வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவருக்கு எதுவும் வருவதில்லை. அறுவடை நேரத்து மழையில் பயிர் சாய்ந்தபோது, கணக்கெடுக்க வந்த அலுவலரிடம் முளைவிட்ட கதிர்களைப் பிடுங்கிக் காட்டியவர் அவர். நிவாரணப் பட்டியலில் ஏறியதோ பட்டாதாரரின் பெயர். பட்டாதாரரிடம் கேட்டதற்கு, அந்தப் பணத்தைக் குத்தகை பாக்கியில் கழித்துக்கொள்வதாகப் பதில் வந்தது. ஒரு மூட்டை டிஏபி உரம் 1,350 ரூபாய் விற்கும்போது, ஒரு தவணைக்கு வரும் 2,000 ரூபாய் பெரிய தொகையல்ல என்று சிலர் சொல்லலாம். நடவுக்கு முன்பு கந்துவட்டிக்கு அலைபவருக்கு அதுவும் பெரிய தொகைதான்.

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். பெயரைப் பதிந்தால் 1955-ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நிலத்தை விட்டு எளிதில் வெளியேற்ற முடியாதே என்று உரிமையாளர் அஞ்சுகிறார். பதிவு என்று பேச்செடுத்தாலே அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காதே என்று குத்தகைதாரர் அஞ்சுகிறார். இந்த இரட்டை அச்சத்தைப் போக்காமல் சட்டத்தைச் சுட்டிக்காட்டுவதில் பயனில்லை.

ஆந்திரப் பிரதேசம் 2019-இல் இயற்றிய சட்டம், நில உரிமையைத் தொடாமல், பயிரிடுபவருக்குப் பதினொரு மாதம் செல்லும் சாகுபடியாளர் அட்டை வழங்க வழிசெய்தது. ஆயினும், உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும் என்று அதில் வைத்த நிபந்தனையே தடையாக நின்றது. தமிழ்நாடு அந்த நிபந்தனையைத் தவிர்த்து, கிராம நிர்வாக அலுவலர் போகந்தோறும் வயலில் பார்த்து அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்குப் பதிவேட்டில்) பதியும் விவரத்தின் அடிப்படையிலேயே சாகுபடிச் சான்று வழங்கலாம். இச்சான்று குத்தகை உரிமைக்கு ஆதாரமாகாது என்று ஒரு வரி சேர்த்தால் உரிமையாளரின் அச்சமும் தணியும்.

இப்படித் தளர்த்தினால் போலிகள் புகுந்துவிடுவார்கள் என்ற கவலையை நான் ஒதுக்கவில்லை. 2020-இல் தமிழ்நாட்டில் தகுதியற்ற லட்சக்கணக்கானோர் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் அவர்கள் கணக்குக்குச் சென்றதை நாடே அறியும். ஆனால், அது அலுவலர்களின் கடவுச்சொல்லைத் தவறாகப் பயன்படுத்தி, கணினி முன் அமர்ந்தே நடத்திய மோசடி. வயலுக்கு நேரில் சென்று பார்த்துத் தரும் சான்று அதற்குத் தடையாகத்தான் அமையும்.

விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் பணியில், நிலமற்ற சாகுபடியாளரையும் பதிவு செய்ய அரசு உடனே ஆணையிட வேண்டும். மத்திய அரசின் விதிகள் மாறும் வரை, ஒடிசா அரசு 2018-இல் ‘காலியா’ (KALIA) என்ற விவசாயிகள் உதவித் திட்டத்தில் நிலமற்றோரையும் சேர்த்ததைப் போல, மாநில நிதியிலிருந்தேனும் அவர்களுக்கு இத்தொகையை வழங்குமாறு வேளாண்மைத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.