விறகாகாத கடற்பாசி

அன்புள்ள முரளிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். கடிதம் போட்டு ரொம்ப நாளாகிவிட்டது, திட்டுவதை நேரில் வைத்துக்கொள். எனக்கும் உன்மேல் ஒரு கோபம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

செடிகளை வகை பிரித்த பெந்தம் அண்ட் ஹூக்கர் என்று தாவரவியல் பரீட்சைக்கு உருப்போட்டோமே, அந்த ஜோசப் ஹூக்கரோடுதான் ஒரு மாதமாகக் குடித்தனம். தாடிக்காரக் கிழவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 1839-இல் எரபஸ் கப்பலில் உதவி சர்ஜனாக ஏறியபோது பையனுக்கு 22 வயதுடா! தென்துருவப் பக்கம் நாலு வருஷப் பயணம். செடி உலர்த்தத் தாள் கொடுத்ததைத் தவிர அரசாங்கம் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஊறுகாய் பாட்டில்களில் கப்பல் ரம்மை ஊற்றித்தான் சாம்பிள்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நம் லேப் அட்டெண்டர் மட்டும் அந்தக் கப்பலில் இருந்திருந்தால் ஒரு சாம்பிளும் தேறியிருக்காது.

1840-இல் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கெர்கெலன் தீவு, அங்கே குளிர்காலம். பாறையில் பொருக்குமாதிரி ஒட்டி வளரும் லைக்கன்கள் உறைந்து கிடந்தபோது, சுத்தியலால் பெயர்த்திருக்கிறான், அதுவும் முடியாதபோது இளகும்வரை அவற்றின் மேலேயே உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்து செய்யும் வேலையில் நீதான் மன்னன் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது மாக்ரோசிஸ்டிஸ் விஷயம். பத்துப் பதினைந்து ஆள் உயரத்துக்குக் கடலடியிலிருந்து எழும்பி வரும் பாசி. முழுசாக எந்தத் தாளில் ஒட்டுவது? முன்னால் போனவர்கள் இலை ஒன்றிரண்டைக் கிள்ளி அமுக்கிக் கொண்டுபோனார்கள். குருத்து இலை ஒரு மாதிரி, முற்றியது ஒரு மாதிரி, ஆழத்தில் இருப்பது வேறு மாதிரி. ஐரோப்பாவில் உட்கார்ந்து அந்தத் துண்டுகளைப் பார்த்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து இனங்களைப் பெருக்கிவிட்டார்கள். ஹூக்கர் செடியைக் கடலிலேயே பார்த்தவன். ஊர் திரும்பி டப்ளின்காரர் ஹார்வியோடு சேர்ந்து எழுதும்போது, எல்லாம் ஒரே இனம்தான், மாக்ரோசிஸ்டிஸ் பைரிஃபெரா என்று முடித்துவிட்டான். உலர்த்திய செடியை ஒட்டி வைத்த ஹெர்பேரியம் ஷீட்டை மட்டும் நம்பி இனம் பிரிக்காதே என்று நான் வைவா வாய்மொழித் தேர்வில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கா?

இன்னொன்று கேள். 1842-இல் தென் அமெரிக்காவுக்குப் பக்கத்தில் ஃபாக்லாந்து தீவுகள். லெசோனியா என்ற பாசியின் தண்டு தொடைப் பருமன் இருக்கும், கரையில் குவியல் குவியலாக ஒதுங்கிக் கிடக்கும், பார்த்தால் சாட்சாத் மரக்கட்டை. வியாபாரக் கப்பல் கேப்டன் ஒருவர் அது விறகேதான் என்று சாதித்து, இது எரியாது ஐயா என்று எவ்வளவோ சொல்லியும் கேளாமல், நடுங்கும் குளிரில் ஆட்களைப் படகோடு அனுப்பி இரண்டு நாள் பொறுக்க வைத்தாராம். உன் மாமனார் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. அதே தண்டில் பச்சையாக இருக்கும்போதே கத்தியைச் செருகிவிட்டால், காய்ந்து சுருங்கிக் கொம்புமாதிரி இறுகிப் பிடித்துக்கொள்ளும். அங்குள்ள மாட்டுக்காரர்களுக்கு அதுதான் கத்திப்பிடி.

சரி, கோபத்துக்கு வருகிறேன். ஹூக்கரின் அண்ணன் வில்லியம் 1840 ஜனவரியில் ஜமைக்காவில் இறந்துபோனான். இவன் கெர்கெலனில் பாசி பொறுக்கிக்கொண்டிருந்த மாதங்களிலெல்லாம் அது தெரியாது. டாஸ்மேனியாவில் ஹோபார்ட் துறைமுகம் போய்ச் சேர்ந்த பிறகுதான் சேதி கிடைத்தது. அவனுக்குக் கப்பல் தபால், வேறு வழியில்லை. உனக்கு என்னடா வந்தது? உன் அண்ணனுக்கு பைபாஸ் நடந்ததை நான் செல்வம் வாயாலா கேட்க வேண்டும்? எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அவருக்கு என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று அண்ணியிடம் கேட்டு மெசேஜ் போடு.

அன்புடன்,
ரவி