கில்லஸ்பி கதையின் மறுபாதி

ஐயா,

வேலூர் சிப்பாய்ப் புரட்சி நினைவு நாளையொட்டி தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1806 ஜூலை 10 காலை ஆற்காட்டிலிருந்து 19ஆம் குதிரைப்படையுடன் விரைந்து வந்து சிப்பாய்கள் பிடித்திருந்த கோட்டையை மீட்ட ஆங்கிலேயப் படையின் கர்னல் ரோலோ கில்லஸ்பியின் வீரம் அதில் விரிவாக இருந்தது. சரி, கயிற்றைப் பிடித்து மதிலேறியவர், துணிச்சல்காரர்தான். ஆனால் கோட்டைக்குள் இருந்த அரண்மனையில் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்து, விசாரணையே இன்றிச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதும் அவர் உத்தரவால்தான். இதை விட்டுவிட்டு அவர் வரலாற்றை எழுதுவது நியாயமாகாது. நான் வரலாற்று ஆசிரியராக இருந்தபோது பார்த்திருக்கிறேன்: மாணவர்களுக்குப் புரட்சி நடந்த தேதி தெரியும், இந்தப் படுகொலை தெரியாது.

1814இல் டேராடூன் அருகே கூர்க்காக்களின் நாலாபானி கோட்டையைத் தாக்கும்போது கில்லஸ்பி மாண்டார். அங்கே அவருக்கும், அவரை எதிர்த்து நின்ற கூர்க்காத் தளபதி பலபத்திரரின் வீரர்களுக்கும் ஆங்கிலேயர்களே அருகருகே நினைவுத்தூண் எழுப்பினார்கள். அதேபோல் வேலூர்க் கோட்டைக்குள், சுட்டுக் கொல்லப்பட்ட சிப்பாய்களைப் பற்றித் தமிழில் விரிவான விளக்கப் பலகை ஒன்றை அடுத்த ஜூலைக்குள் அரசு வைக்க வேண்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆம்பூர்